புறம் மாற்றிப் போட்ட கோட்டு

என் புருஷனின் உடம்பை வாங்கப் பிணவறைக்குப் போனபோது, உடம்பைக் காட்டும் முன்னால் ஒரு தாளைக் காட்டினார்கள். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. கொடி கூடாது. பதாகை கூடாது. ஞானப்பாட்டு தவிர வேறு பாட்டு கூடாது. பாதிரியார் தவிர யாரும் பேசக் கூடாது. பெட்டியைத் தோளில் தூக்கி நடக்கக் கூடாது, வண்டியில்தான் போக வேண்டும். இதில் ஒன்று மீறினாலும் உடம்பைப் போலீஸ் எடுத்துக்கொள்ளும். எங்கே புதைப்பது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டான் மேசைக்குப் பின்னால் இருந்தவன்.

புரிந்தது. போன மாதம் இதே க்வாமாஷுவில் பக்கத்துப் பகுதி மாசிபியாவின் மகனுக்கு இதே தாள்தான் வந்தது. பையன்கள் ஆவேசத்தில் பெட்டியின் மேல் கொடியை விரித்துவிட்டார்கள். கண்ணீர்ப்புகை அடங்கி எல்லோரும் கண் திறந்து பார்த்தபோது பெட்டி இல்லை. மாசிபியா இன்னும் ஒவ்வொரு பிணவறையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். பைத்தியம் என்கிறார்கள். அவளுக்குப் பைத்தியம் இல்லை. பிள்ளை எந்த மண்ணுக்குள் கிடக்கிறான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் துணியை விலக்கி வெலாபியைக் காட்டினார்கள். போலீஸ் நிலையத்தில் வைத்திருந்தபோது படியில் விழுந்தான் என்றார்கள். முகத்தின் இடது பாதி கீழே இறங்கியிருந்தது. ஒரு கண் ஓர் இடத்தில், மறு கண் வேறு இடத்தில். வாய் நடுவில் ஒடிந்து இரண்டு துண்டாக. அந்த வாய்தான் ரப்பர் ஆலையின் கொதிக்கும் உருளைகளுக்கு முன்னால் நின்று நூறு ஆண்களைப் பாட வைத்த வாய்.

"இவர்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்போதே மனதில் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். கொடி வேண்டாம், பாட்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இந்த உடம்பை என் கையால் மண்ணுக்குள் வைக்க வேண்டும்.

*

வீட்டில் சாமான்களை எல்லாம் வெளியேற்றி, தரையில் மெத்தை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் சாம்பலைக் குழைத்துப் பூசினார்கள். துக்க வீடு என்று தெருவுக்குச் சொல்ல அது. உள்ளே பகலிலும் மங்கல். தோளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். விதவை வேலை செய்யக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, தலை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. வந்த பெண்கள் என்னைச் சுற்றிக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார்கள். துக்க வீட்டில் பெண்கள் நிற்பதில்லை.

கொழுந்தன் ஃபலாகே வாசல்படியில் வந்து நின்றான். முந்தின நாள்தான் முள்மரக் கிளையை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போய், "அண்ணா, வா, வீட்டுக்குப் போவோம்" என்று வாசலில் நின்று கூப்பிட்டு, ஆவியைக் கிளையோடு கூட்டி வந்திருந்தான். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்களாம். கிளையைக் கையில் வைத்திருப்பவன் வழியில் யாரோடும் பேசக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன். அந்தக் கோபம் முழுக்க இப்போது நாக்கில் இருந்தது.

"அண்ணி, சங்கத்துல எல்லாரும் சொல்றாங்க. அண்ணன் வரைஞ்சு வெச்ச பதாகைதான் பெட்டி மேல விழணும். அது இல்லாம அவரைப் புதைச்சா நாய் செத்த மாதிரி."

"கொடி வேணும்னா நீ செத்தப்புறம் உன் பெட்டிக்குப் போட்டுக்கோ" என்றேன். குரல் உயரவில்லை. அதனாலேயே அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணி..."

"மாசிபியா வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வா. அவ பிள்ளைக்குக் கொடி இருந்துது. குழி எங்க?"

அவன் படியை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனான். முற்றத்தில் ஆலைக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் என்னவோ சொன்னான். 

அந்தப் பதாகை எனக்குத் தெரியாததா? வெலாபி அதைச் சமையலறைச் சுவரில்தான் கரியால் முதலில் வரைந்தான். இரண்டு கைகளையும் அகலமாக விரித்து ஒருவன் உருளையிலிருந்து ரப்பர்த் தகட்டை இழுக்கிறான். நடுவில் முகம். வாய் திறந்திருக்கிறது. பாடுகிறானா கத்துகிறானா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்டி" என்பான். பாட்டும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். இழு, பின்னால் சாய், தகட்டை அறை, நெற்றியைத் துடை. அதையே காலடியாக்கி, கைவீச்சாக்கி, ஆலை முழுவதும் ஆட வைத்தான். வேலைநிறுத்தத்தின்போது கதவுக்கு வெளியே அவர்கள் ஆடினால் உள்ளே மேலாளர்களின் தேநீர்க் கோப்பை குலுங்கும். அடுப்படியில் ஒத்திகை பார்த்து என் சட்டிகள் எத்தனை நசுங்கியிருக்கின்றன.

மாஹதேபேதான் பேச்சைத் திரும்ப எடுத்தாள். ரப்பர் ஆலையில் ஓரம் வெட்டும் பிரிவில் இருப்பவள். கதவு உயரம், கதவு அகலம். காலை நீட்டி உட்கார்ந்தால் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்வாள்.

"மாகோசா, உன் மாமியார் செத்தப்போ ஊர்ல பொம்பளைங்க கோட்டை எப்படிப் போட்டிருந்தாங்க?"

"புறம் மாத்தி. தையல் வெளிய தெரியற மாதிரி" என்றேன்.

"ஏன்?"

"ஏன்னா? செத்தவங்க உலகத்துல எல்லாம் தலைகீழ். புதைக்கிற வரைக்கும் நாமளும் தலைகீழ்."

"புதைச்சப்புறம்?"

நான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன்.

"எங்க பிரிவுல எல்லாருக்கும் ஒரே காக்கிக் கோட்டு" என்றாள் அவள், தேநீரை ஊதிக்கொண்டே. "முதுகு நல்லா அகலம். எனக்குன்னா இன்னும் அகலம். துணியை வெட்டி முதுகுல தைச்சு, அதுல வெலாபி படத்தை வரைஞ்சு, புறம் மாத்திப் போட்டா உள்ள போயிடும். ஒருத்தனுக்கும் தெரியாது. அப்புறம் வழக்கப்படி திருப்பிப் போட்டுக்கறோம். வரிசையா நிக்கறோம். உத்தரவுல பதாகை கூடாதுன்னுதான் இருக்கு. முதுகு கூடாதுன்னு இல்ல."

யாரோ மூக்கில் சிரித்தாள்.

"எப்போ திருப்புவீங்க?" என்றேன்.

"நீ சொல்லு."

"மண்ணு மூடி, மேடு தட்டி, கல்லு வெச்சப்புறம். அதுக்கு முன்னால ஒரு பொத்தான் அவிழ்ந்தாலும் நான் உங்க யாரையும் மன்னிக்க மாட்டேன். ஆம்பளைங்ககிட்டயும் சொல்லுங்க. அதுவரைக்கும் ஞானப்பாட்டு. ஒரு காலு அசையக் கூடாது. ஃபலாகே என் முன்னால வந்து சத்தியம் பண்ணணும்."

வந்து பண்ணினான். என் முகத்தைப் பார்க்காமல்.

*

அப்புறம் என் மெத்தையைச் சுற்றியே வேலை நடந்தது. சாம்பல் பூசின ஜன்னல் வழியாக யாரும் எட்டிப் பார்க்க முடியாது. துக்க வீட்டுக்குள் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதை எந்தப் போலீஸ்காரனும் சந்தேகப்பட மாட்டான். லிண்டேனி என்று ஒரு பெண், கடைப் பலகைகளுக்கு எழுதுகிறவள், என் தோளுக்குக்கூட வரமாட்டாள், அவள்தான் சாயங்களைக் கொண்டுவந்தாள். கறுப்பு, பச்சை, பொன் மஞ்சள். தடை செய்த கொடியின் நிறங்கள், அந்த மூன்றையும் ஒரே பையில் வைத்திருப்பதே குற்றம். மாவு டப்பாவுக்குள் புதைத்து எடுத்து வந்திருந்தாள்.

ஒவ்வொருத்தியும் முதுகில் துணி தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு அடுத்தடுத்து முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். லிண்டேனி பின்னால் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து கரிக்கோடு இழுத்தாள். ஒரு முதுகிலிருந்து அடுத்த முதுகுக்குக் கை ஓடியது, கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முகத்துக்கு. முகம் பெரியது, ஒரு முதுகில் அடங்கவில்லை. பாதி மாஹதேபேக்கு. மறுபாதிக்கு உட்கார வேண்டிய பெண் கோட்டைக் கொடுத்துவிட்டு, "எனக்குக் கைக்குழந்தை இருக்கு, என்னை விட்டுடுங்க" என்று போய்விட்டாள். அந்த இடத்தில் லிண்டேனியே உட்கார்ந்தாள். அவளுடைய முதுகில் கோடு போட மாஹதேபேயின் மகள் வந்தாள்.

"மூக்கு இது இல்ல" என்றாள் ஒருத்தி. "வெலாபிக்கு இன்னும் கொஞ்சம் பரந்த மூக்கு."

"நீ எப்போடி அவ்வளவு கிட்டத்துல பாத்தே?" என்றாள் மாஹதேபே. "மாகோசா, கேட்டுக்கோ. உன் புருஷன் மூக்கை இவ அளந்து வெச்சிருக்கா."

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது. கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பெயிண்ட் வாடை வெளியே போகாமல் இருக்கக் கதவோரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டார்கள். முற்றத்தில் ஆண்கள் ஞானப்பாட்டு பயின்றார்கள். நியம்போசே என்று நாங்கள் குலப்பெயரால் கூப்பிடுகிற கிழவர், கொதிகலன் அறையில் வேலை செய்து காது பாதி போனவர், அடிக்குரல் பிடித்தார். அவர் பிடித்தால் தரையில் வைத்த தேநீர்க் கோப்பைக்குள் வளையம் வளையமாக அலை எழும். வெலாபி இருந்தவரை மேல்குரல் அவனுடையது. அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டின் நடுவில் அங்கே ஒரு பள்ளம் கேட்டது.

எல்லாம் காய்ந்த பிறகு பெண்கள் முதுகை ஒட்டி உட்கார்ந்து காட்டினார்கள். படம் ஒன்றாகச் சேர்ந்தது. கண்ணும் கண்ணும் நேராக, வாய் ஒழுங்காக. என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. யாருக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

*

சனிக்கிழமை காலை பாதிரியார் ஜெபம் முடிந்ததும் பெட்டி வண்டியில் ஏறியது. ஃபலாகே அதன் பக்கத்தில் கிளையோடு உட்கார்ந்தான். நாங்கள் பின்னால் பேருந்தில். கல்லறை மேட்டுக்குப் போகும் வளைவில் கவச வண்டிகளைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள்.

பெட்டி வண்டியைத் தனியாக ஓரம் கட்டினார்கள். இரண்டு பேர் அதன் பின்கதவைத் திறந்தார்கள். என் கண் அங்கேயே இருந்தது. அந்த வண்டி ஒருமுறை கிளம்பினால் எந்தத் திசைக்குக் கிளம்பும் என்பது அவர்கள் கையில்.

எங்கள் பேருந்துக்குள் ஏறியவன் எங்களைப் போலக் கறுப்பன்தான். சார்ஜென்ட். பேச்சில் வடக்கு மலைப்பக்கத்து வாடை இருந்தது. கையில் தோல் சாட்டை. வெள்ளை அதிகாரி கீழே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

சார்ஜென்ட் இருக்கை இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன இது, எல்லாரும் கோட்டைப் புறம் மாத்தி?"

"வழக்கம்" என்றாள் மாஹதேபே.

"வழக்கம் எனக்குத் தெரியும்மா. ஊர்ல செய்வாங்க. நீங்க டவுன் பக்கத்து க்வாமாஷுக்காரங்க. ஞாயித்துக்கிழமை தொப்பி வெச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போறவங்க. உங்களுக்கு எப்போ இருந்து ஊர் ஞாபகம் வந்துது?"

"செத்தவன் ஊர்க்காரன், சார்ஜென்ட். ஊர்க்காரன் செத்தா ஊர் மாதிரி அழுவோம். உங்களை மாதிரி ஆளு செத்தா எப்படி அழறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

 அவன் சாட்டையைத் தொடையில் ஒருமுறை தட்டிக்கொண்டான். பிறகு அவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த லிண்டேனியின் கோட்டு விளிம்பைப் பிடித்து விரல்களுக்கு நடுவில் கசக்கினான். பெயிண்ட் காய்ந்த துணி. சருகு மாதிரி சத்தம் போட்டது.

"இது என்ன மொறமொறங்குது?"

"கஞ்சி போட்டது" என்றாள் லிண்டேனி.

"வேலைக் கோட்டுக்குக் கஞ்சியா?"

"சாவுக்கு வர்றோம்ல. கசங்கலாவா வர முடியும்?"

அவன் விரல்கள் விளிம்பிலிருந்து உள்பக்கமாக நகர்ந்தன. இன்னும் கொஞ்சம் மடித்தால் போதும். வெளியே பெட்டி வண்டியின் ஓட்டுனரைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவனுடைய இடத்தில் ஒரு போலீஸ்காரன் ஏறுவதற்காகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தான்.

விதவை அந்நிய ஆணோடு பேசக் கூடாது. நான் தலையைத் தூக்காமல், கம்பளிக்குள்ளிருந்தே கேட்டேன்.

"தம்பி, உன் அப்பாவைப் புதைச்சப்போ உன் அம்மா கோட்டை எப்படிப் போட்டிருந்தாங்க?"

 அவனுடைய பூட்ஸ் மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

"உன் அம்மா கோட்டுக்குள்ள எவனாவது கையை விட்டுப் பாத்தானா?"

கீழேயிருந்து அதிகாரி அவர்கள் பாஷையில் என்ன என்று கேட்டான். ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பாஷை அவ்வளவாவது புரியும். சார்ஜென்ட் சொன்னான்: "ஒன்றுமில்லை. பழைய வழக்கம்."

கையை எடுத்தபோது பார்த்தேன். பெருவிரல் நுனியில் பச்சை ஒட்டியிருந்தது. அவனும் பார்த்தான். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

ஓட்டுனர் திரும்ப ஏறினான். பெட்டி வண்டி நகர்ந்தது. மேட்டுப் பக்கமாக.

*

குழிக்கு அந்தப் பக்கம் மேட்டுச் சரிவு, இந்தப் பக்கம் சாலை. சாலை ஓரமாக அவர்கள் வரிசையாக நின்றார்கள், நாய்களோடு. குழியின் தலைமாட்டில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் சாலை. நாய்கள் இரைக்கிற சத்தம் கழுத்துக்குப் பின்னாலேயே கேட்டது.

பெட்டி இறங்கியது. ஃபலாகே முள்கிளையை அதன் மேல் வைத்தான். ஒரு பிடி மண் போட்டேன். அப்புறம் ஆண்கள் மண்வெட்டிகளை எடுத்தார்கள். ஒருவன் களைத்தால் மண்வெட்டியை அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது. தரையில் போட வேண்டும், அடுத்தவன் குனிந்து எடுக்க வேண்டும். போடுகிற சத்தம், எடுக்கிற சத்தம், மண் விழுகிற சத்தம். நியம்போசே ஞானப்பாட்டை ஆரம்பித்தார்.

"சீக்கிரம்" என்றது ஒலிபெருக்கி.

மண் பாதிக்குழி வந்தபோது கூட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு கால் தரையில் விழுந்தது. ஒன்று, பிறகு நாலைந்து. ஆலைப் பையன்கள். இழு, சாய், அறை. ஞானப்பாட்டுக்கு அடியில் அந்தத் தாளம் ஊர்ந்து வந்தது.  சாலைப் பக்கம் துப்பாக்கிகளைத் தோளிலிருந்து இறக்குகிற சத்தம். ஒரு நாய் குரைத்தது.

பாதி மூடின குழியைத் தோண்டுவது எவ்வளவு சுலபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபலாகே மண்வெட்டியைக் கீழே போட்டான். சரி, இவனும் ஆடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கூட்டத்துக்குள் பாய்ந்து முன்னால் இருந்தவன் சட்டையைப் பிடித்தான்.

"நிறுத்துடா! இன்னும் மேடு ஏறல! எங்க அண்ணனை உங்க காலுக்காக அவனுங்ககிட்ட குடுக்கச் சொல்றியா? நிறுத்துடா நாயே!"

அவன் கத்தியதை மறைக்க நியம்போசே பாட்டை இழுத்தார். பாதி செவிடு, ஆனால் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. முடிந்துபோன வரியை முடிய விடாமல் திரும்ப எடுத்து, இன்னும் மெதுவாக, இன்னும் தாழ்வாக. ஆண்கள் ஒவ்வொருவராக அவர் குரலுக்குள் வந்து சேர்ந்துகொண்டார்கள். தாளம் அடங்கியது. ஃபலாகே திரும்பி வந்து குனிந்து மண்வெட்டியை எடுத்தான். மண் பாதி வெளியே சிந்தியது.

மேடு ஏறியது. மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டினார்கள். கற்களை அடுக்கினார்கள். கடைசிக் கல்லை ஃபலாகே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் தலையசைத்தேன்.

மாஹதேபே முதல் பொத்தானை அவிழ்த்தாள். பெண்கள் குழிமேட்டைத் தாண்டிச் சரிவுப் பக்கம் போய் வரிசையாக நின்றார்கள், மலையைப் பார்த்து, முதுகு எங்களுக்கும் சாலைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டைக் கழற்றி, உதறி, திருப்பி மாட்டினார்கள். காக்கிக்குள் ஒளிந்திருந்த கறுப்பும் பச்சையும் மஞ்சளும் வெயிலுக்கு வந்தன.

 பிறகு சாலையிலிருந்து சிரிப்பு வந்தது.

படம் சேரவில்லை. கை ஒரு முதுகில் மேலே போய் அடுத்த முதுகில் கீழே விழுந்தது. தோள் முறிந்து கிடந்தது. நடுவில் முகம்: பாதி மாஹதேபேயின் உயரத்தில், பாதி லிண்டேனியின் உயரத்தில். ஒரு கண் ஓர் இடத்தில், மறு கண் வேறு இடத்தில். வாய் நடுவில் ஒடிந்து இரண்டு துண்டாக.

பிணவறையில் நான் பார்த்த முகம் அதுதான். நான் யாருக்கும் அதைச் சொன்னதில்லை.

அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அதிகாரி ஒலிபெருக்கியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான், சிரிப்பு மேடு முழுக்கக் கேட்டது. ஆண்களின் பாட்டு நின்றுவிட்டது. என்ன ஆனது என்று தெரியாமல் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி திரும்பிப் பார்த்தார்கள். தங்கள் முதுகை அவர்களால் பார்க்க முடியாதே. நிமிர்ந்து நின்றால் சரியாகுமா என்று மாஹதேபே இன்னும் நிமிர்ந்தாள். பாதி முகம் இன்னும் மேலே போனது.

அந்த உயரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நாங்கள் யாரும் அந்த அறையில் ஒன்றாக எழுந்து நிற்கவே இல்லை. உட்கார்ந்து வரைந்தோம், உட்கார்ந்து தைத்தோம், உட்கார்ந்து சரி பார்த்தோம்.

நான் பாயிலிருந்து எழுந்தேன். கம்பளி தோளிலிருந்து விழுந்தது.

"உக்காருங்கடி!" என்று கத்தினேன். அந்தச் சத்தம் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியாது. "வீட்டுல உக்காந்த மாதிரி! காலை நீட்டி உக்காருங்க!"

மாஹதேபேக்கு முதலில் புரிந்தது. லிண்டேனியின் தோளைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பைக் கீழே இறக்கினாள். பக்கத்தில் பக்கத்தில் எல்லோரும் இறங்கினார்கள். துக்க வீட்டில் உட்காருவது போல, காலை நீட்டி, முதுகைத் துப்பாக்கிகளுக்குக் கொடுத்து.

கண்ணும் கண்ணும் நேரானது. வாய் சேர்ந்தது. இரண்டு கைகளும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிந்து கிடந்தன. என் புருஷன் தன் குழிக்கு மேல் உட்கார்ந்து வாயைத் திறந்திருந்தான்.

சிரிப்பு நின்றது.

நின்றால் கால் ஆடும். உட்கார்ந்தவர்களுக்குக் கைதான். மாஹதேபே உள்ளங்கையால் தரையை ஓர் அறை அறைந்தாள். இழு. பின்னால் சாய்ந்தார்கள், வரிசையாகச் சாய்ந்தபோது படத்தில் இருந்தவன் உண்மையிலேயே இழுத்தான். அறை. நெற்றியைத் துடை. நியம்போசே ஞானப்பாட்டைக் கீழே போட்டுவிட்டு வெலாபியின் பாட்டைக் குனிந்து எடுத்தார்.

*இழு, விடாதே. கொதிக்குது, விடாதே. நாம விட்டா யார் பிடிப்பா?*

ஆண்களின் கால் தரையில் விழுந்தது. மேல்குரல் இருந்த பள்ளத்தில் இப்போது ஃபலாகே பாடினான், கரகரப்பாக, சுதி தப்பி. யாரும் திருத்தவில்லை.

கலைந்து போகச் சொன்னது ஒலிபெருக்கி. யாரும் எழவில்லை. நானும் போய் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என் முதுகில் படம் இல்லை. கறுப்புச் சட்டை மட்டும்தான். ரப்பர்த் தகடு கறுப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் புகை வந்தது. பிறகு பூட்ஸ். முதல் சாட்டை மாஹதேபேயின் முதுகில் விழுந்தது, அந்தச் சார்ஜென்ட் கையிலிருந்து. அவனுடைய கை ஓங்கும்போது பெருவிரலைப் பார்த்தேன். பச்சை போகவில்லை. அவன் இரண்டாவது அடி அடித்தான், மூன்றாவது அடித்தான். வழக்கம் தெரிந்தவன்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை போல.

எங்களை ஒவ்வொருத்தியாக இழுத்து வண்டியில் எறிந்தார்கள். கோட்டுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். வண்டியின் கம்பி வலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு நான் மேட்டையே பார்த்தேன். புகைக்குள் ஆண்கள் ஓடினார்கள், விழுந்தார்கள். மேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். ஒருவன் பூட்ஸால் ஒரு கல்லைத் தள்ளிப் பார்த்தான். வண்டி திரும்பிவிட்டது.

"எடுத்துடுவானுங்களா?" என்றேன்.

மாஹதேபே குப்புறக் கிடந்தாள், முதுகு பிளந்திருந்தது. "எடுத்தா எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி, "இல்ல, எடுக்க மாட்டானுங்க. ஆறடி மண்ணு. அவனுங்க சோம்பேறிங்க" என்றாள். பிறகு, "என்னைத் தரையில உக்கார வெச்சியே, எழுப்ப ரெண்டு ஆளு வேணும்னு உனக்குத் தெரியாதா? பாரு, கவர்மென்ட்டே ரெண்டு ஆளை அனுப்புச்சு."

லிண்டேனி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

பல நாள் கழித்து என்னை வெளியே விட்டார்கள். குழியிலிருந்து திரும்புகிறவர்கள் வீட்டு வாசலில் கை கழுவிவிட்டுத்தான் எங்கும் போக வேண்டும். நான் வீட்டுக்குப் போகவில்லை. பேருந்திலிருந்து இறங்கி நேராகக் கல்லறை மேட்டுக்கு ஏறினேன். வழியில் தெரிந்தவர்கள் கூப்பிட்டார்கள். நிற்காமல் நடந்தேன்.

குழிமேடு இருந்தது. கற்கள் இருந்தன. ஒன்று மட்டும் உருண்டு கீழே கிடந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். இறுகிப்போயிருந்தது, மழை பெய்து மேல்தோல் கட்டியிருந்தது. புதிதாகத் தோண்டின மண் அப்படி இருக்காது. மேட்டுக்கு அந்தப் பக்கம், புல் நசுங்கி, பெண்கள் உட்கார்ந்த இடம் வரிசையாகத் தெரிந்தது.

உருண்ட கல்லை எடுத்து வைத்துவிட்டு மாசிபியாவை நினைத்தேன். அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வீட்டு வாசலில் தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஃபலாகே தினமும் தண்ணீர் மாற்றியிருக்கிறான். தலையில் தையல் போட்ட கட்டோடு படியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான்.

"அங்க போனீங்களா, அண்ணி?"

"போனேன்."

"இருக்காரா?"

"இருக்கார்" என்றேன். குனிந்து கையைக் கழுவினேன்.